இணையதளத்துக்கு இடம் தரும் கம்பெனிகள்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

மும்பை:

மாதுங்கா, தாராவி, செம்பூர், முலுண்ட் என்று இந்நகரில் தமிழர்கள் வாழும் பகுதிகளில் இணையதளம் வைத்திருக்கும் ஊர்ச் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் சிறு வியாபாரிகளும் இன்று ஏராளம். திருவிழாத் தேதி, மாணவர் உதவித் தொகைக்கான விண்ணப்பம், துக்கச் செய்தி எல்லாம் அதில் வெளியாகின்றன. மாவு அரைத்து விற்பவருக்கும், கல்யாணச் சமையல் கான்டிராக்டருக்கும், தையல் வகுப்பு நடத்தும் பெண்மணிக்கும் அதுவே கடையின் முகப்பு.

இவர்களிடமிருந்து வருஷந்தோறும் ஒரே மாதிரியான புகார் எழுகிறது. சேரும்போது சொன்ன விலை ஒன்று, புதுப்பிக்கும்போது கேட்கும் விலை வேறு. தளம் திறக்கவில்லை என்று சொன்னால் பழுதைப் பார்ப்பதற்கு முன்பே, கூடுதல் கட்டணமுள்ள திட்டத்துக்கு மாறும்படி யோசனை வருகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இவை சில்லறைக் குறைகள். சேர்த்து வைத்துப் பார்த்தால் இந்த வியாபாரம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது விளங்கும்.

வாங்குவது என்ன?

இணையதளம் நடத்த இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று பெயர், இதை டொமைன் என்கிறார்கள். மற்றொன்று அந்தப் பெயரைத் தேடி வருவோருக்குப் பக்கங்களை எடுத்துக் காட்டும் சர்வரில் ஓர் இடம், இதுதான் ஹோஸ்டிங். டாட் காம் என்று முடியும் பெயர்களின் மூலப் பதிவேட்டை அமெரிக்காவிலுள்ள வெரிசைன் நிறுவனம் வைத்திருக்கிறது. டாட் இன் பெயர்கள் நம் நாட்டின் நிக்ஸி அமைப்பின் பொறுப்பில் உள்ளன. நாம் பணம் கட்டும் கம்பெனி இவ்விரண்டுக்கும் சில்லறை வியாபாரிதான். பெயரை விலைக்கு வாங்கிவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வருஷக் குத்தகை. கெடு தவறினால் கையை விட்டுப் போகும்.

சர்வர் இடத்தில் மலிவானது பங்கு முறை. மும்பைவாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பழைய சாலில் ஓர் அறை எடுப்பது போன்றது. நாற்பது குடித்தனத்துக்கு ஒரே குழாய். ஒருவர் வீட்டில் விசேஷம் என்றால் மற்றவர் வாளியில் தண்ணீர் குறையும். விளம்பரத்தில் மட்டும் ‘அளவில்லாத’ இடம் என்று போட்டிருக்கும். ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில், நியாயமான உபயோகம் என்ற பெயரில் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் சர்வரின் உழைப்புக்கும் வரம்பு எழுதியிருக்கும்.

முதல் விலையும் மறுவிலையும்

மாதம் ரூ.99 என்ற விளம்பரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இந்த மாதிரி விலை பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு வருஷத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டுவோருக்கே கிடைக்கும். 36 மாதங்களுக்கு ரூ.3,564. இதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.641.52. ஆக, ‘99 ரூபாய்’ என்று நினைத்து வந்தவர் முதல் நாளே எடுத்து வைக்க வேண்டியது ரூ.4,205.52. புதுப்பிக்கும் கட்டணம் மாதம் ரூ.299 என்றால் அடுத்த மூன்று வருஷத்துக்கு வரியுடன் ரூ.12,701.52 ஆகிறது. இடம் அதே இடம், சர்வர் அதே சர்வர். விலை மட்டும் மூன்று மடங்கு.

பெயர் விற்பனையில் கணக்கு இன்னும் தெளிவு. டாட் காம் பெயர் ஒன்றுக்கு வெரிசைன் வாங்கும் மொத்த விலை 2024 செப்டம்பர் 1 முதல் வருஷத்துக்கு 10.26 டாலர். நம் பணத்தில் எண்ணூறு ரூபாய்க்கு மேல். அப்படியிருக்க, முதல் வருஷம் ஒரு டாட் காம் பெயரை நூறு, இருநூறு ரூபாய்க்கு ஒருவர் தருகிறார் என்றால் அவர் நஷ்டத்துக்கு விற்கிறார். தர்மத்துக்கு அல்ல. அந்த நஷ்டத்தை இரண்டாம், மூன்றாம் வருஷத்தில் நம்மிடமே வசூலிக்கலாம் என்ற கணக்கு அதில் இருக்கிறது. ஒரு முறை பெயரைப் பலகையிலும் ரசீதிலும் அச்சடித்த பிறகு கடைக்காரர் எளிதில் இடம் மாற மாட்டார் என்பது கம்பெனிக்குத் தெரியும்.

ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். இடங்கள் நிரம்ப நிரம்பக் கட்டணம் ஏறும் முறை 2016 செப்டம்பரில் ராஜ்தானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் கொண்டுவரப்பட்டது. அதில் பயணிகளுக்கு வருத்தம் உண்டு, நியாயமான வருத்தந்தான். ஆனாலும் பணம் கட்டுவதற்கு முன் முழுத் தொகையும் கண்ணுக்குத் தெரிகிறது. கல்யாணில் ஏறியவரிடம் புசாவலில் வந்து, ‘இனிமேல் மூன்று மடங்கு’ என்று யாரும் கேட்பதில்லை.

கூடையில் விழும் சரக்குகள்

பணம் கட்டும் பக்கத்துக்குப் போவதற்குள் கூடையில் வேறு பல சரக்குகள் சேர்ந்துவிடுகின்றன. பாதுகாப்புக் கவசம், தினசரி நகல், முகவரி மறைப்பு, எஸ்.எஸ்.எல். சான்றிதழ் என்று பட்டியல் நீளும். சிலவற்றில் நமக்குப் பதில் அவர்களே டிக் அடித்து வைத்திருப்பார்கள். வேண்டாம் என்றால், ‘என் தளத்துக்கு ஆபத்து வந்தாலும் பரவாயில்லை’ என்ற தோரணையில் ஒரு வாசகத்தை அழுத்திவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

இவற்றில் எது தேவை, எது வீண் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தளத்துக்கும் வாசகருக்கும் இடையே போகும் செய்தியைப் பூட்டும் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் அவசியம். ஆனால் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு 2015 முதல் அதை இலவசமாகவே தருகிறது. பல கம்பெனிகள் அதைத் தாமே பொருத்தியும் கொடுக்கின்றன. சாதாரணச் சங்கத்தின் தளத்துக்குச் சான்றிதழ் என்று தனிப் பணம் கட்டக் காரணம் இல்லை. முகவரி மறைப்பும் அப்படித்தான். ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் அமலுக்கு வந்த பிறகு, டாட் காம் போன்ற பெயர்களை வாங்கிய தனிநபரின் விவரங்களைப் பல பதிவாளர்கள் பணம் கேட்காமலே மறைக்கிறார்கள். தினசரி நகல் மட்டும் உண்மையிலேயே உபயோகமான பொருள். அதையும் மாதம் ஒரு முறை நம் கம்ப்யூட்டரிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் செலவில்லை.

உதவி மேஜையா, விற்பனை மேஜையா?

அடுத்தது வாடிக்கையாளர் சேவை. கோளாறு என்று எழுதினால் முதலில் இயந்திரம் பதில் சொல்கிறது. பிறகு ஒரு ஊழியர் வருகிறார். அவர் ஒரே சமயத்தில் பலருக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பவர். ‘உங்கள் தளம் வரம்பைத் தாண்டிவிட்டது, மேல் திட்டத்துக்கு மாறுங்கள்’ என்பதே பல சமயம் அவருடைய முதல் வைத்தியம். தளத்தில் சேர்த்த ஏதோ ஒரு பழைய பிளகின் பழுதாகியிருக்கலாம்; தானியங்கி நிரல்கள் ஓயாமல் வந்து கதவைத் தட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் மேல் திட்டத்தில் பணம் போகுமே தவிர நோய் போகாது.

அந்த ஊழியர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. மாதம் நூறு ரூபாய் தரும் வாடிக்கையாளருக்காக அனுபவமுள்ள ஒரு டெக்னீஷியன் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அந்த மாதத்து வரும்படி அதிலேயே போய்விடும். ஆகவே உதவி கேட்டு வருபவரிடமே எதையாவது விற்றால்தான் கட்டுப்படியாகும் என்ற நிலை ஏற்படுகிறது. கடை மூடிக் கிடக்கும் பதற்றத்தில் இருப்பவர் பேரம் பேசமாட்டார். இதைத் தெரிந்தே உதவி மேஜையையும் விற்பனை மேஜையையும் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். நூறு ரூபாய்க்கு இரவு பகல் சேவை வேண்டும் என்று எதிர்பார்க்கும் நம் மனப்பான்மைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

போட்டி எங்கே?

பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போகலாமே என்று கேட்கலாம். அமெரிக்காவின் எண்டியூரன்ஸ் குழுமம் 2010-ல் புளூஹோஸ்டையும், 2012-ல் ஹோஸ்ட்கேட்டரையும் வாங்கியது. நம் நாட்டில் வளர்ந்த பிக்ராக் 2014-ல் அதே குழுமத்தின் கைக்குப் போயிற்று. 2021-ல் அக்குழுமம் வெப் டாட் காமுடன் சேர்ந்து நியூஃபோல்டு டிஜிட்டல் என்ற பெயரைப் பெற்றது. 2013 ஆகஸ்ட் 2-ம் தேதி யூட்டா மாநிலத்திலுள்ள ஒரு தகவல் மையத்தில் கோளாறு ஏற்பட்டபோது, புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் முதலிய பல பெயர்களில் இடம் வாங்கியிருந்தவர்களின் தளங்கள் ஒரே நேரத்தில் முடங்கின. பலகை வேறு, முதலாளி ஒருவர் என்பது அன்று பலருக்குத் தெரிந்தது. எது சிறந்தது என்று பட்டியல் போட்டு எழுதுவோரில் பலர், தம் மூலம் சேரும் ஒவ்வொருவருக்கும் அக்கம்பெனிகளிடம் கமிஷன் பெறுவோர் என்பதையும் மறக்கக் கூடாது.

யார் பேரில் இருக்கிறது?

விலையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இந்நகரிலுள்ள ஓர் ஊர்ச் சங்கத்துக்கு அவ்வூர் இளைஞர் ஒருவர் தளம் அமைத்துக் கொடுத்தார். பெயரைத் தம் சொந்த ஈமெயிலில் பதிவு செய்தார். பிறகு வேலை கிடைத்து வளைகுடாவுக்குப் போனார். கெடு முடியும் அறிவிப்புகள் அவருடைய பழைய ஈமெயிலுக்குப் போயின, அவர் பார்க்கவில்லை. பெயர் காலாவதியாகி வேறு எவரோ எடுத்துக்கொண்டார்கள். கம்பெனியிடம் முறையிட்ட சங்கத்தாருக்கு, கணக்கு உங்கள் பெயரில் இல்லை என்ற பதிலே கிடைத்தது. வீட்டுக்கு நூறு ரூபாய் வசூலித்து நடத்திய தளத்தின் முகவரியில் இன்று சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. பழைய ஆண்டு விழாப் படங்களுக்கு நகல் இல்லை.

டாட் காம் போன்ற பெயர்களுக்கு சர்வதேச அமைப்பான ஐகான் வகுத்த விதிகள் உள்ளன. கெடுவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் பதிவாளர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பெயர் நீக்கப்பட்ட பிறகும் மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அதற்குக் கட்டணம் அதிகம். வேறு பதிவாளரிடம் மாற விரும்பினால் அதற்குரிய சங்கேத எண்ணைக் கேட்ட ஐந்து நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். இவ்வளவும் பயன்படுவது, கணக்கு நம் பெயரில் இருந்தால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. அதன்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2023 நவம்பர் 30-ல், இணைய வியாபாரத்தில் ஏமாற்றும் 13 தந்திரங்களைத் தடுக்க நெறிமுறைகளை வெளியிட்டது. கேட்காத சரக்கைக் கூடையில் போடுவது, விலையைத் துளித்துளியாக வெளியிடுவது, பொய்யான அவசரம் காட்டுவது, வேண்டாம் என்பவரை வெட்கப்பட வைப்பது, சந்தாவிலிருந்து விலக முடியாமல் சிக்க வைப்பது ஆகிய எல்லாம் அப்பட்டியலில் உள்ளன. இந்தியாவில் தொடர்ந்து சேவை விற்கும் வெளிநாட்டுத் தளங்களுக்கும் இது பொருந்தும்.

வெளிமாநிலத்தில் வசிக்கும் நமக்கு இச்சட்டத்தில் ஒரு நன்மை உண்டு. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம். ரூ.5 லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தமிழிலும் புகார் சொல்லலாம். ஆனால் வியாபார நோக்கத்துக்கு வாங்கிய சேவையை இச்சட்டம் விலக்குகிறது. சொந்த உழைப்பால் ஜீவனம் நடத்தும் சிறு கடைக்காரருக்கு இந்த விலக்கு இல்லை என்றும் அதிலேயே விளக்கம் இருக்கிறது. மனுவில் இதைத் தெளிவாக எழுதுவது நல்லது.

கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் விஷயத்தில் ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பணம் பிடிப்பதற்கு குறைந்தது 24 மணி நேரம் முன்பு செய்தி வர வேண்டும். அப்போது மறுக்கவும் வழி இருக்க வேண்டும். 2022 ஜூனில் இதன் உச்சவரம்பு ரூ.15,000 ஆக உயர்த்தப்பட்டதால், மேலே கண்ட ரூ.12,701 ஓ.டி.பி. கேட்காமலே போய்விடக் கூடும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று தள்ளிவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை

சர்க்கார் செய்ய வேண்டியது ஒன்று: முதல் விலைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், புதுப்பிக்கும் விலையையும் வரியுடன் போட வேண்டும் என்று நெறிமுறையில் தனியாகச் சேர்க்க வேண்டும். துளித்துளியாக விலை வெளியிடுவதைத் தடுத்தவர்களுக்கு, மூன்று வருஷம் கழித்து வெளியாகும் விலையைத் தடுப்பது கஷ்டமான காரியம் இல்லை.

சங்கங்களும் வியாபாரிகளும் செய்ய வேண்டியவை சில உண்டு. பெயரைச் சங்கத்தின் பொது ஈமெயிலில் பதிவு செய்து, பாஸ்வேர்டைச் செயலாளரும் பொருளாளரும் வைத்திருக்க வேண்டும். பெயரை ஒரு கம்பெனியிலும் இடத்தை மற்றொரு கம்பெனியிலும் வாங்கினால், ஒன்றில் தகராறு வந்தாலும் மற்றது பிழைக்கும். சேரும் நாளிலேயே புதுப்பிக்கும் விலையை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வருடாந்தரக் கூட்டத்தில் வரவு செலவு படிக்கும்போது, தளத்தின் கெடு தேதியையும் சேர்த்துப் படித்தால் நூறு உறுப்பினர்களில் ஒருவராவது ஞாபகம் வைத்திருப்பார்.