பஞ்சுருட்டானுக்கு ஐந்து மாதத் தவணை

புதிய தாமான் கட்டுவதற்காக மண்ணைச் சமன்படுத்தி, வேலை தொடங்காமல் போட்டிருக்கும் மணல் திடல்கள் ஜொகூரில் பல உண்டு. நம் கண்ணுக்கு அவை வெற்று நிலம். மார்ச் மாதத்திற்குப் பிறகு அப்படி ஒரு திடலைக் கடந்தால், பக்கத்து மின்கம்பியை அண்ணாந்து பாருங்கள். அந்த நிலத்தின் குடித்தனக்காரர் அங்கே உட்கார்ந்திருக்கக்கூடும்.

அவர் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான். தலையும் பிடரியும் செங்கபில நிறம், தொண்டை நீலம், சிறகு பச்சை, கண்ணை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை. வாலின் நடுவிலிருந்து இரண்டு மெல்லிய இறகுகள் தனியே நீண்டிருக்கும். இளம்பறவைக்கு அவை இருப்பதில்லை. மலாய்க்காரர்கள் இந்தப் பறவையினத்தைப் பெரெக்-பெரெக் என்பார்கள். தமிழ்நாட்டு வயலோரக் கம்பிகளில் காணப்படும் பச்சைப் பஞ்சுருட்டான் இதன் உறவுக்காரன்தான்.

இரை பிடிக்கும் விதத்தைப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. கம்பியிலிருந்து பாய்ந்து, பறக்கும் தேனீயையோ குளவியையோ தும்பியையோ காற்றிலேயே கவ்வி, அதே இடத்துக்குத் திரும்பும். கொட்டும் பூச்சியாக இருந்தால் முதலில் கம்பியில் அடித்துக் கொல்லும். பிறகு அதன் வால்பகுதியைத் தேய்த்து நஞ்சைப் பிதுக்கிவிட்டுத்தான் விழுங்கும்.

செப்டம்பர் வாக்கில் இங்கே ஆள் மாறுகிறது. நீலத்தொண்டைகளில் பெரும்பாலானவை கிளம்பிவிட, வடக்கேயிருந்து நீலவால் பஞ்சுருட்டான்கள் வந்து ஏப்ரல்வரை தங்குகின்றன. தொழிற்சாலை ஷிப்ட் மாறுவதுபோல, நம் பூச்சிகளுக்கு ஆண்டு முழுவதும் காவல் இருக்கிறது. கோத்தா திங்கிக்கு அருகே பந்திக் காட்டில் செந்தாடிப் பஞ்சுருட்டானும் உண்டு. அது அடர்காட்டுவாசி, அதன் காப்பு காட்டின் காப்போடு சேர்ந்தது. நான் பேச வந்தது, காட்டை விட்டு நம் பக்கத்தில் குடியிருக்கும் நீலத்தொண்டையைப் பற்றி.

இது மரத்தில் கூடு கட்டுவதில்லை. அலகால் மண்ணைக் கொத்தி, காலால் பின்னுக்குத் தள்ளி, ஒரு மீட்டருக்கும் நீளமான சுரங்கம் தோண்டி, அதன் கடைசியில் வெள்ளை முட்டைகளை இடுகிறது. ஆற்றங்கரைச் சரிவும் ஆகும். சமதளமான மணல்தரையும் ஆகும். பல ஜோடிகள் அடுத்தடுத்துக் குடியேறும். உள்ளே வாழ்க்கை கடுமையானது. குஞ்சின் மேலலகு நுனியில் கூர்மையான கொக்கி உண்டு. இரை குறைந்தால், முதலில் பொரித்த குஞ்சு இளையதை அதனால் கொத்திக் கொன்றுவிடுவதும் உண்டு. பூச்சி குறைந்தால் எத்தனை குஞ்சு வெளியே வரும் என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மேலே நிற்கும் நமக்குத் தெரிவது சில சிறு ஓட்டைகள் மட்டுமே. மண்வாரி ஒருமுறை ஏறி இறங்கினால் சுரங்கம் இடிந்து, தாயோ குஞ்சோ உள்ளேயே புதைந்துவிடும். மரத்தை வெட்டினால் விழுந்த கூடாவது கண்ணில் படும். இங்கே கொன்றவருக்கே கொன்றது தெரியாது.

‘அழியும் நிலையில் உள்ள பறவை இல்லையே?’ என்று கேட்பீர்கள். உண்மைதான், உலக அளவில் இதற்கு உடனடி ஆபத்தில்லை. பெருகி இருக்கும்போதே காப்பாற்றினால் செலவு குறைவு என்பதே என் பதில். தேனீ வளர்ப்பவர்களின் மனத்தாங்கலிலும் நியாயம் உண்டு. பெட்டிகளுக்குப் பக்கத்தில் கூட்டமாக அமர்ந்தால் இழப்புதான். ஆனால் வெளியே பறந்து பிடிபடுபவை பெரும்பாலும் ஆயுளின் கடைசிக் கட்டத்தில் தேன் தேடப் போகும் வேலைக்காரத் தேனீக்கள். தேனீயைத் தின்னும் குளவிகளும் இதே பறவைக்கு இரையாகின்றன.

வீடு கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பது தவணை. ஏறத்தாழ மார்ச் முதல் ஜூலைவரை இதன் இனப்பெருக்கக் காலம். அந்த ஐந்து மாதமும், ஓட்டைகள் உள்ள மூலையைச் சுற்றி நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டிவிட்டு, மற்ற பகுதியில் வேலையை நடத்தலாம். குஞ்சுகள் பறந்த பிறகு அந்த மூலையையும் எடுத்துக்கொள்ளலாம். மண்வேலைக்கு அனுமதி கொடுக்கும் நகராண்மைக் கழகங்கள் இதை ஒரு நிபந்தனையாகவே எழுதலாம். பூங்காக்களில் ஒரு மணல்மேட்டைப் புல் பதிக்காமல் விட்டுவைத்தால் அடுத்த ஆண்டுக்கும் இடம் கிடைக்கும்.

உங்களுக்கும் வேலை உண்டு. ஓட்டைகளைக் கண்டால் அங்குள்ள மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். படம் எடுக்கப் போனால் தள்ளியே நில்லுங்கள். வாயில் தும்பியோடு கம்பியிலேயே ஒரு பறவை வெகுநேரம் காத்திருந்தால், நீங்கள் நிற்பது அதன் வாசலில் என்று பொருள்.