பாஷை மேல் என்ன குற்றம்?



முதலாம் ஆண்டில் ஒருநாள். ஆம்பூர்க்கார நண்பன் ஒருவன், பார்க்க வந்த அப்பாவிடம் ஹாஸ்டல் வராந்தாவில் உருதுவில் பேசிக்கொண்டிருந்தான். "என்னடா, பாகிஸ்தான் பாஷையா?" என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தோம். கேட்டவன் வேறு யாருமில்லை, நான்தான்! அவன் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவிடம் சட்டென்று தமிழில் பேச ஆரம்பித்துவிட்டான்.

அப்புறம்தான் விஷயத்தைத் தேடிப் படித்தேன். உருது டில்லி, லக்னோ, தக்காணம் என்று நம் மண்ணில் வளர்ந்த மொழி. பாகிஸ்தானிலோ, 2023 கணக்கெடுப்பின்படி அது நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட தாய்மொழி இல்லை. பஞ்சாபியும் பஷ்தோவும் சிந்தியும்தான் அங்கே அதிகம்.

1947-ல் பாகிஸ்தான் பிறந்தபோது அதன் மக்களில் பாதிக்கு மேல் வங்காளிகள். ஆனாலும் 1948 மார்ச்சில் டாக்காவுக்கு வந்த ஜின்னா, அரசு மொழி உருது ஒன்றுதான், வேறு சொல்பவன் நாட்டுக்கு எதிரி என்றார். தாய்மொழியைக் கேட்டால் துரோகியா? மாணவர்கள் கொதித்தார்கள். 1952 பிப்ரவரி 21-ல் தடையை மீறித் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. செத்தவர்களில் நம்மைப் போலப் படிக்கிற பிள்ளைகளும் உண்டு. 1956-ல் வங்காளமும் அரசு மொழியானது. ஆனால் பட்ட காயம் ஆறவில்லை. 1971-ல் நாடே இரண்டாகிவிட்டது! அந்த பிப்ரவரி 21-ஐத்தான் 1999-ல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி தினமாக அறிவித்தது.

கதை இதோடு முடிந்ததா? இல்லை. புதிய வங்காள தேசத்தில் உருது பேசிய 'பிஹாரி' மக்கள் சந்தேகத்துக்கு ஆளானார்கள். அவர்களில் சிலர் பாகிஸ்தான் ராணுவத்தோடு நின்றது உண்மை. அதற்காகக் குழந்தைகள் உட்பட எல்லோருக்குமா தண்டனை? லட்சக்கணக்கானோர் முகாம்களில் நாடற்றவர்களாகக் கிடந்தார்கள். 2008-ல் டாக்கா உயர்நீதிமன்றம்தான் அவர்களைக் குடிமக்கள் என்று தெளிவாகச் சொன்னது.

முதலில் உருது பேசாதவன் துரோகி. பிறகு உருது பேசுபவன் துரோகி! மொழி மாறவில்லை, ஆட்சிதான் மாறியது. ஒருவன் வீட்டில் பேசும் பாஷையை வைத்து அவன் தேசபக்தியை அளக்கிற அளவுகோல் இருக்கிறதே, அதுதான் கோணல். திணிப்பை எதிர்த்து 1965-ல் தெருவில் இறங்கிய மாணவர்களின் வழி வந்த நமக்கு இது தெரிய வேண்டாமா?

நண்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுடா மச்சான்" என்றான். ஆனால் அவன் அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. அடுத்த முறை அவர் வரும்போது, நாலு வார்த்தையாவது உருதுவிலேயே பேசிக் கேட்டுவிடுவேன்!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்