செயின் டைட்டா இருக்கணுமா?

"செயின் டைட்டா இருந்தாத்தான் சார் நல்லது, கழண்டு விழாது." மயிலாப்பூரோ தி.நகரோ அடையாறோ, சைக்கிள் கடையில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது.

இது பிறந்தது கியர் இல்லாத வண்டியில். 1949-ல் அம்பத்தூரில் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் மாதிரி வண்டிக்கு முன்னாடி ஒரு செயின் வீல், பின்னாடி ஒரு ஃப்ரீவீல். செயின் தொளதொளன்னு ஆனா, பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால இழுத்து முறுக்கினா முடிஞ்சது வேலை. அங்கே அது சரிதான்.

இப்ப வர்ற பல வண்டிகளில் முன்னாடி ஒரே செயின் வீல், பின்னாடி பத்து பன்னிரண்டு பற்சக்கரம். ஒன்-பை என்கிறார்கள். முன்னாடி ஒண்ணுதானேன்னு பழைய கணக்கையே போட்டு செயினைக் குட்டையா வெட்டிடறாங்க. இதைத்தான் கூடாதுங்கறேன்.

இதில் செயினை இழுத்துப் பிடிப்பது டீரெய்லரின் வேலை. சின்னப் பற்சக்கரத்தில் மிச்சமாகிற செயினை அது வாங்கி வச்சுக்கும். பெரிசுக்குப் போகும்போது விட்டுக்கொடுக்கும். செயின் குட்டைன்னா விட்டுக்கொடுக்க ஒண்ணும் இருக்காது. ஹேங்கர் வளையும், இல்லாட்டி டீரெய்லரே பிய்ச்சுக்கிட்டு வரும்.

வேடிக்கை என்னன்னா, சென்னையில் இந்தக் குறை வெளியே தெரியாது. 1973-ல் திறந்த ஜெமினி மேம்பாலம் மாதிரி பாலங்கள்தான் நமக்கு மலை! லஸ்ஸிலிருந்து பெசன்ட் நகர் போக, கடைசிப் பெரிய பற்சக்கரம் யாருக்கு வேணும்? கொல்லிமலைக்குப் போய், 70 கொண்டை ஊசி வளைவில் நாலாவதிலேயே மூச்சு வாங்கி கியரைத் தட்டும்போதுதான் 'டக்'. மூணு செயின் வீல் வண்டின்னா பெரிசோட பெரிசைப் போடாதேன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஒன்-பையில் ஏற்றத்துக்கு இருக்கிறதே அந்தப் பெரிசுதான்.

கணக்கு சுலபம். பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரைக்கும் இன்ச்சில் அளந்து, ரெண்டால் பெருக்குங்க. செயின் வீல் பல்லையும் பின்னாடி பெரிய பற்சக்கரத்தின் பல்லையும் கூட்டி, நாலால் வகுத்து, அதோட சேருங்க. மேலே ஒரு இன்ச். பின்னம் வந்தா அடுத்த முழு இன்ச்சுக்கு ஏத்துங்க. இன்ச்சுக்கு ரெண்டு கண்ணி.

உதாரணம்: நீளம் 430 மி.மீ., அதாவது 16.93 இன்ச். முன்னாடி 32 பல், பின்னாடி 42. 33.86 + 18.5 + 1 = 53.36. ஆக 54 இன்ச், 108 கண்ணி. அதே வண்டியில் ஆசைப்பட்டு 50 பல் போட்டா 56 இன்ச், 112 கண்ணி. பழைய செயினை எண்ணிப் புதுசை வெட்டினா நாலு கண்ணி குறையும்!

கணக்கே வேண்டாமா? டீரெய்லரில் நுழைக்காம, செயினை முன்சக்கரம், பின்னாடி பெரிய பற்சக்கரம் ரெண்டையும் சுத்திப் பிடிங்க. இணைக்க முடிகிற மிகக் குறைஞ்ச நீளத்தோட ரெண்டு கண்ணி கூட்டுங்க. அவ்வளவுதான்.

செயின் நீளமாப் போனா சின்னப் பற்சக்கரத்தில் தொங்கும், சத்தம் போடும். ரெண்டு கண்ணி எடுத்தா சரியாயிடும். குட்டையாப் போனா தண்டம் டீரெய்லருக்கு. சந்தேகம் வந்தா நீளம் பக்கம் சாயுங்க. கடையில் கட்டரை எடுக்கும் முன்னாடி, "பெரிய பல்லில் போட்டுப் பார்த்துட்டு வெட்டுங்கண்ணே"ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

பி.கு.: பின்னாடி சஸ்பென்ஷன் இருந்தா, அது அமுங்கும்போது அச்சு தூரம் கூடும். அதிகமா இருக்கும் நிலையில் அளங்க. டீரெய்லர் கம்பெனியின் தாள் வேற அளவு சொன்னா, அதைக் கேளுங்க.