சுவர் மட்டும் சரிவைக் காக்காது

மலைச் சரிவை வெட்டித்தான் மலைச்சாலை போடப்படுகிறது. வெட்டுக்கு மேலே பல இடங்களில் சிறு விவசாயியின் நிலம் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் அந்த விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. சாலைக்கு அது அள்ளி அப்புறப்படுத்த வேண்டிய மண். விவசாயிக்கோ திரும்பி வராத மேல்மண். 2009 நவம்பர் பெருமழையில் நீலகிரியில் சாலைகள் சரிந்ததையும், உயிர்கள் பலியானதையும் மறப்பதற்கில்லை.

சரிவின் அடியில் தடுப்புச் சுவர் அவசியமே. ஆனால் அது அடியைத் தாங்குமே தவிர, மேலிருந்து வழியும் நீரை நிறுத்தாது. வழியும் நீர் மண்ணை அரிக்கிறது. ஊறும் நீர் மண்ணின் எடையைக் கூட்டிப் பிடிப்பைத் தளர்த்துகிறது. ஆகவே காப்பு வேலை மேலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலாவது, வடிகால். நிலத்து நீர் விளிம்பைத் தாண்டி வழியாதபடி, சற்று உள்ளே தள்ளி வாய்க்கால் வெட்டி, பாறைப் பாங்கான ஓடையில் கொண்டு சேர்க்க வேண்டும். வாய்க்காலுக்கு லேசான வாட்டம் தேவை. அதில் நீர் தேங்கினால் அதுவே சரிவை வரவழைக்கும்.

இரண்டாவது, வெட்டிவேர். மைசூரை அடுத்த குண்டலுப்பேட்டை விவசாயிகள் தலைமுறைகளாக இதை வயல் எல்லையில் வளர்த்து வருகின்றனர். 1980களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்கள் இம்முறையைப் பல நாடுகளுக்கும் எடுத்துச் சென்றனர். இதன் வேர் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் 3 மீட்டர் வரை நேராக இறங்கும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் குத்துக்கு மூன்று தூர்கள் நட வேண்டும். செங்குத்தான சரிவில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு வரிசை போதும். ஆனி, ஆடி மழையில் நட்டால் ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடிக்கும். முழு வேலியாக அடர இரண்டு மூன்று மழைக்காலம் ஆகும். அடர்ந்த நிழலில் இது செழிக்காது. வேரை விற்பதற்காகத் தோண்டினால் காப்பு போய்விடும்.

சரிவு அரசுடையது, நிலம் விவசாயியுடையது என்று ஒருவரை ஒருவர் எதிர்பார்த்திருப்பதால்தான் இவ்வேலை நின்றுபோகிறது. நெடுஞ்சாலைத் துறை தூர்களை இலவசமாகக் கொடுத்து, புல்லை அறுத்துக்கொள்ளும் உரிமையை மேல்நிலத்தாருக்கே வழங்கலாம். இளம்புல் தீவனம், முற்றியது மூடாக்கு. பலன் கிடைத்தால் பராமரிப்பும் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. நிலத்தில் வெடிப்பு கண்டாலோ, மரங்கள் சாய்ந்தாலோ அது ஆழமான சரிவின் அறிகுறி. புல் அதைத் தடுக்காது. உடனே அங்கிருந்து விலகி, அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும். மற்ற இடங்களில் கரையைக் காப்பது வடிகாலும் வேலியுமே.