பத்து வரை எண்ணுங்கள்

வானொலியில் சேர்ந்த புதிதில் மூத்த படைப்பாளர் ஒருவர் எனக்குச் சொன்ன முதல் விதி, “ஒலி அறுந்துவிடக் கூடாது” என்பதுதான். நேரடி ஒலிபரப்பில் மூன்று விநாடி மௌனம் என்றாலே எங்களுக்கு வியர்த்துவிடும். எதையாவது பேசி நிரப்பிவிடுவோம்.

அந்தப் பழக்கம் எனக்குள் எவ்வளவு ஊறியிருந்தது என்பது, சென்ற ஆண்டு அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றுதான் புரிந்தது.

மருத்துவர் தன்மையானவர்தான். ஆனால் நோயின் பெயரைச் சொன்ன அதே மூச்சில் அறுவை சிகிச்சை, கீமோதெரபி, தேதி என்று அடுக்கிக்கொண்டே போனார். அம்மாவின் கண்கள் நிறைந்தன. அவர் டிஷ்யூ பெட்டியை நகர்த்திவைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். நான் மட்டும் என்ன செய்தேன்? “ஒன்னுமில்லம்மா, அழாதீங்க” என்று அவசரமாக மௌனத்தை நிரப்பினேன். வீடு திரும்பும்போது அம்மா கேட்டார்: “டாக்டர் கடைசியா என்ன சொன்னாரு?”

அடுத்த வாரம் அறுவை சிகிச்சைக்கு முந்திய பரிசோதனை. ஒரு மலாய்த் தாதி நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். “தாக்குத் ஆ, ஆன்ட்டி?” பயமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அப்படியே காத்திருந்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. அம்மா தமக்குத் தெரிந்த மலாயில் மெல்லக் கேட்டார்: தாலியைக் கழற்ற வேண்டுமா?

ஒரு வாரமாக அம்மா தூங்காததற்குக் காரணம் அதுதான். எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை. தாதி சிரிக்கவில்லை. “உங்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று புரிகிறது. உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டுச் சொல்கிறேன்” என்றார். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இதற்கு நேரம் இல்லை என்பதுதான் பொதுவான பதில். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பற்றி மருத்துவர் விளக்கும் காணொளியைப் பெண்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பிரிவினர் பார்த்த காணொளியில் மட்டும், “இது கடினமான நேரம், நான் உங்களுடன் இருப்பேன்” என்ற பொருளில் மருத்துவர் பேசும் சில வாக்கியங்கள் கூடுதலாக இருந்தன. அதைப் பார்த்தவர்களுக்குப் பதற்றம் குறைந்திருந்தது. அந்தக் கூடுதல் பேச்சின் நீளம் சுமார் 40 விநாடிதான். எங்கள் நிலையத்தில் ஒரு விளம்பரத்துக்கே அவ்வளவு நேரம் போய்விடும்.

மருத்துவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. உடன் செல்லும் நமக்கும்தான். அழுபவரிடம் “அழாதீங்க” என்பது பெரும்பாலும் நம்முடைய சங்கடத்தை அடக்கத்தான். “எது ரொம்பப் பயமா இருக்கு?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

எனக்கு இன்னும் ஏழிலேயே வாய் திறந்துவிடுகிறது. பழகிக்கொண்டிருக்கிறேன்.