கர்சரும் சொல்லப்படாத வரிசையும்

பெரிய அட்டவணை ஒன்றைக் கையாள நேர்ந்தால், ஆய்வு மாணவர்களாகிய நம்மில் பலர் உடனே ஒரு கர்சரைத் திறந்து, நிரை நிரையாக எடுத்துக் கணக்கிடுகிறோம். அது மெதுவானது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் குறை. விடையே பிழையாகலாம் என்பதே எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

நியூ டவுனில் என் ஆய்வுக்காக 2017-18ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்புத் தரவை எடுத்துக்கொண்டேன். 1,02,113 குடும்பங்கள், 4,33,339 நபர்கள். நபர் அட்டவணையைக் கர்சர் வழியே படித்து, குடும்ப எண் மாறும் இடமெல்லாம் புதிய குடும்பம் தொடங்குவதாகக் கொண்டது என் நிரல். இருமுறை ஓட்டினேன், இரு வேறு எண்ணிக்கைகள் வந்தன. பிழைச்செய்தி ஏதும் வரவில்லை.

காரணம் எளியது. எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுசார் மாதிரியில் நிரைகளின் வரிசைக்குப் பொருளே இல்லை. ‘ஆர்டர் பை’ இல்லாத வினவல் எந்த வரிசைக்கும் உறுதி தருவதில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு நிரையைத் திருத்தினால் அதன் புதிய பதிப்பு வேறிடத்தில் எழுதப்படலாம். பெரிய அட்டவணையை மற்றொருவர் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தால், நம் வாசிப்பு நடுவிலிருந்தே தொடங்கவும் கூடும்.

ஆகவே கணக்கீட்டைத் தரவுத்தளத்திடமே ஒட்டுமொத்தமாகக் கேட்பது நலம். தொகுக்க ‘குரூப் பை’ உண்டு. முந்தைய நிரையோடு ஒப்பிடச் சாளரச் சார்புகள் உண்டு. அங்கே வரிசை வெளிப்படையாக எழுதப்படுவதால் பிறர் அதைச் சரிபார்க்க முடியும்.

கர்சரே வேண்டாம் என்பதன்று என் வாதம். நினைவகத்தில் அடங்காத முடிவை வேறொரு நிரலுக்குக் கொண்டுசெல்ல அதுவே தக்க கருவி. பைத்தானின் சைகோபிஜி2இல் பெயரில்லாக் கர்சர் முழு முடிவையும் நம் கணினிக்கு இழுத்துவிடும்; பெயரிட்ட கர்சரை வரிசையாகப் படித்தால் அது இயல்பாக 2,000 நிரைகளாக எடுத்துவரும். மேற்சொன்ன அட்டவணைக்கு 217 பயணங்கள் போதும். ஒவ்வொரு நிரைக்கும் ஒரு பயணம், அதற்கு ஒரு மில்லிவிநாடி என்று கொண்டாலும், ஏழு நிமிடத்துக்கு மேல் காத்திருப்பிலேயே கழியும்.

இக்கணக்கெடுப்பின் மரபு, 1950இல் மகலனோபிஸ் முன்னின்று தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வருவது. அவர் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இதே மாநகரின் பராநகரில்தான் இருக்கிறது. துளையட்டைக் காலத்தில் தொகுப்பதற்கு முன் அட்டைகளை வகைபிரித்து அடுக்குவது தனி வேலை. கண்ணுக்குத் தெரிந்த வேலை. கர்சரில் அது மறைந்துவிட்டது. நாமும் அதை மறந்துவிட்டோம்.

நெறியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அட்டவணையின் நிரைகளைக் கலைத்துப் போட்டு நிரலை மீண்டும் ஓட்டுங்கள். விடை மாறினால், அதை ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.