துரோகி யார்?

சென்ற மாதம் குளச்சல் நண்பர் ஒருவர் பருமனான மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். நார்வே நாட்டுக் குடும்பம் ஒன்றின் கதை. 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை வந்து இறங்குகிறது. அண்ணன் தலைமறைவாகிப் போராடுகிறான். தம்பி பகைவனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறான். கடலில் செத்தவன் பேயாகிப் பாதிப் படகில் வருவதைப் பாட்டி பேத்திக்குச் சொல்லுகிறாள். நண்பர் பெருமூச்சு விட்டார்.

"நம்ம பக்கத்தில் இப்படி எழுத என்ன ஓய் இருக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. இந்த மனிதர் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் குளச்சல் வெற்றித்தூணைக் கண்ணால் பார்க்கிறவர். 1741 ஆகஸ்ட் 10-இல் டச்சுக் கம்பெனிப் படை அங்கேதான் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் சரணடைந்தது. மிளகு வியாபாரத்துக்காக வந்த சண்டை. பள்ளிக்கூடப் பாடத்தில் கதை இத்துடன் முடிந்துவிடுகிறது. நாவலாசிரியனுக்கோ இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதற்குமுன் நடந்த குடும்பச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1729-இல் ராமவர்மா மன்னர் இறந்தார். மருமக்கள்வழி முறைப்படி பட்டம் மருமகன் மார்த்தாண்டவர்மாவுக்கு வந்தது. பெற்ற பிள்ளைகளான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் எங்களுக்கென்ன வழி என்று கேட்டார்கள், எட்டுவீட்டுப் பிள்ளைமாரோடு சேர்ந்தார்கள், பாண்டி நாட்டிலிருந்து படையை அழைத்தார்கள், கடைசியில் கொல்லப்பட்டார்கள். அரண்மனைச் சரித்திரம் அவர்களுக்கு வைத்த பெயர் துரோகிகள். 1891-இல் சி. வி. ராமன் பிள்ளை மலையாளத்தில் எழுதிய 'மார்த்தாண்டவர்மா' என்ற பெயர்பெற்ற நாவலிலும் தம்பிதான் வில்லன்.

இதே அயல்படையை 1726-இல் ராமவர்மா மன்னரும் வரவழைத்தாரே! சொந்த நாட்டுப் பிரபுக்களை அடக்கக் கூலி பேசி அழைத்த படை அது. அப்பா அழைத்தால் ராஜதந்திரம், பிள்ளைகள் அழைத்தால் துரோகமா?

நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் தம்பிமார் கதையைக் கேட்டவர்களுக்கு இந்தச் சந்தேகம் கட்டாயம் வரும். அங்கே கதையே வேறு. மன்னர் தம்பிமாரின் தங்கைமேல் ஆசைப்படுகிறார். அண்ணன்மார் தர மறுக்கிறார்கள். பகை மூளுகிறது. அண்ணன்மார் வெட்டுப்படுகிறார்கள், தங்கை உயிரை மாய்த்துக்கொள்ளுகிறாள். பாட்டில் உள்ளதெல்லாம் நடந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் அநியாயமாக வெட்டுப்பட்டவனுக்குப் பீடம் போட்டுக் கொடை கொடுக்கிற ஊர் இது. ஜெயித்தவன் கல்லில் எழுதினான். தோற்றவன் வீட்டுக் கதை வில்லடிப்பவன் தொண்டையில் தங்கிவிட்டது. கல்லை மட்டும் படிக்கிறவனுக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

இன்னொரு வேடிக்கை. குளச்சலில் பிடிபட்ட டிலனாய் நேற்றுவரை எதிரிப்படைக்காரர். பிறகு மன்னரிடமே சேவகம் ஏற்றுத் திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கினார். 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கி, 1777-இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். நமக்கு அவர் வீரர். கம்பெனியின் கணக்கில் அவர் யார்?

அப்படியானால் உலகத்தில் துரோகமே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. அன்னியன் படையெடுத்து வந்த அன்றைக்கே ஆட்சி என்னுடையது என்று அறிவித்துக்கொண்ட நார்வேயின் க்விஸ்லிங்கை எந்த வில்லுப்பாட்டும் வெளுக்க முடியாது. பல மொழிகளில் அவன் பெயரே துரோகி என்ற சொல்லாகிவிட்டது, நமக்கு எட்டப்பனைப் போல. ஆனால் எல்லாக் குடும்பச் சண்டைக்கும் அந்தப் பெயரை எடுத்து ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று உட்காருவது நாவலாசிரியனுக்கு அழகல்ல. தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல் இரு தரப்பு வாக்குமூலத்தையும் கேட்பதற்குத்தான் அவனுக்குப் பேனா.

குளச்சல் கரையில் இரண்டு கதைகள் வழங்குகின்றன. சண்டையன்று மீனவர்கள் துடுப்புகளைத் துப்பாக்கிபோல் தோளில் சாத்தி வரிசையாக நின்றார்களாம். பனந்தடிகளைப் பீரங்கிபோல் வண்டியில் ஏற்றி டச்சுக்காரனை மிரட்டினார்களாம். இது ஒன்று. எட்டுவீட்டாரைக் கொன்றபின் அவர்கள் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் 'துறை ஏற்றினார்கள்', அதாவது தண்டனையாகக் கடற்கரை மக்களிடம் ஒப்படைத்தார்கள் என்பது மற்றொன்று. படித்தவர்கள் முதலாவதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். இரண்டாவதைக் கேட்டு 'ஐயோ பாவம்' என்கிறார்கள். யாருக்குப் பாவம்? நாட்டைக் காக்கத் துடுப்பெடுத்து நின்றவன் குடிசை, பெரிய வீட்டுப் பெண்ணுக்குத் தண்டனைக்கூடமாகத் தோன்றியதே, அதை அந்தக் குடிசைக்காரன் எப்படித் தாங்கினான்? இந்த ஒரு கேள்விக்கு ஐந்நூறு பக்கம் எழுதலாம். அந்தக் குடிசைக்குள் வளர்ந்த குழந்தை பிறகு தன்னை யாருடைய பிள்ளை என்று சொல்லிக்கொண்டது? அதற்கு இன்னும் ஐந்நூறு.

நார்வே நாவலைக் குறை சொல்லவில்லை. நன்றாகவே இருக்கிறது. அதை எழுதியவர் தம் பாட்டியின் பேய்க்கதையைக் கேட்டு வெட்கப்படவில்லை. அதனால்தான் அது நன்றாக இருக்கிறது. நாமோ கொடைக்குப் போனால் பாயசத்தைக் குடித்துவிட்டு, வில்லடி தொடங்குமுன் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். பிறகு எழுத ஒன்றுமில்லை என்று அங்கலாய்க்கிறோம்.

நண்பரிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வருகிற கொடைக்கு அவரைக் கையோடு அழைத்துப் போவதாக இருக்கிறேன். விடியும்வரை எழுந்து போகக்கூடாது என்பது நிபந்தனை.